வெள்ளைப்பாறை அணியின் அரைப்பேர்

இலக்கம் 1
பதுளை
1998 ஜனவரி 12, திங்கட்கிழமை
பிற்பகல் 4.15

திருமதி ஜெயலெட்சுமி அவர்கட்கு,
வெள்ளைப்பாறைத் தோட்டம், மேற்பிரிவு, மடுல்சீமை.

அன்புடையீர்,

தாங்கள் இம்மாதம் 5ஆம் திகதி எழுதிய கடிதம் 10ஆம் திகதி சனிக்கிழமை முற்பகல் 11 மணிக்குக் கிடைத்தது. அதனை மூன்று முறை வாசித்துப் பின்வருமாறு விளங்கிக்கொண்டேன். பிழையிருப்பின் திருத்துக.

தாங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தொழிலாளரின் குழந்தைகளைப் பராமரிப்பவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழு பேரும் தாங்களுமாக எட்டுப் பேர், மார்ச் 14ஆம் திகதி பதுளையில் நடைபெறவுள்ள தோட்டப் பெண்கள் விளையாட்டு விழாவில் கூடைப்பந்து ஆட விரும்புகிறீர்கள். பழைய தேயிலை ஸ்டோருக்குப் பின்னாலுள்ள சமதரையை ஏப்ரல் மாதத்தில் தேயிலை நாற்றுமேடையாக்கத் தோட்ட நிர்வாகியான தங்கள் துரை தீர்மானித்திருக்கிறார். எட்டுப் பெண்கள் பெயர் கொடுத்து ஒரு முழு ஆட்டத்தை ஆடி முடித்தால் அந்நிலத்தை விளையாட்டுக்கே விட்டுவிடுவதாகவும் வாக்களித்திருக்கிறார். பெயர்ப் பட்டியலில் ஒருவர் குறைந்தாலும் வாக்கு இல்லை. தங்களில் எவரும் இதுவரை கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை.

கடைசி வாக்கியத்தை வாசித்தபின் சிறிது நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என்ன வாங்க வேண்டும் எனக் கேட்டிருக்கிறீர்கள். விழாவின் கூடைப்பந்துப் பிரிவுச் செயலாளர் என்ற முறையில் கூறுகிறேன்: ஒன்றும் வாங்க வேண்டாம். ஆடுவதற்கு முன் கடைக்குப் போவது, புதிதாகத் தொடங்குவோர் எல்லோரும் செய்யும் பிழை. தேவையானவை ஒரு பந்து, ஒரு வளையம், காலுக்குச் சப்பாத்து. பந்தைப் பஸாரில் ஸலீம் முதலாளியின் கடையில் பெற்று மடுல்சீமை பஸ்ஸில் அனுப்புவேன். வளையத்தைத் தோட்டத்திலேயே செய்விக்கலாம். அதன் உட்குறுக்களவு பதினெட்டு அங்குலம். தரையிலிருந்து விளிம்பு வரை பத்து அடி. ஒன்பதே முக்கால் அன்று. ஏறக்குறையப் பத்தும் அன்று. சப்பாத்தின் பொருட்டு எட்டுப் பேரும் தாளின்மேல் நின்று பாதத்தைப் பென்சிலால் வரைந்து, பெயரெழுதி அனுப்பிவைக்குக.

இங்ஙனம்,
வே. கனகரத்தினம்
ஓய்வுபெற்ற பிரதம எழுதுவினைஞர்

*

வெள்ளைப்பாறைத் தோட்டம்
22.1.98

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பந்து வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். பசறையில் ஏறின ஒரு கிழவி பூசணிக்காய் என்று நினைத்து விலை கேட்டதாம்.

ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கிறவர் பழைய பீப்பாய் இரும்பில் வளையம் செய்து தந்தார். ஐயாவின் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மூன்று தடவை அளந்துவிட்டு, "நான் எத்தன வாட்டி அளந்தாலும் அந்த ஐயா வந்தா ஒரு நூல் கொறையுதும்பாரு" என்று சொன்னார்.

இப்போது ஒரு சிக்கல். பெண்கள் எல்லாரும் வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைத் தலைக்கு மேலால் பின்பக்கம் எறிகிறார்கள். மாரியாயி அக்காதான் ஆரம்பித்தது. எங்கள் பிரிவில் அவரைப் போல் கொழுந்து எடுக்க ஆள் இல்லை. இருபத்தாறு வருஷமாகக் கொழுந்தைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலால் முதுகுக் கூடையில் போட்ட கை. "கூடைன்னா முதுகுக்குப் பின்னாலதான்டி இருக்கும். மூஞ்சிக்கு முன்னால தொங்கவிட்டா எப்புடிப் போடுறது?" என்று கேட்கிறார். அவர் எறிந்தால் பத்துக்கு நாலு விழுகிறது. நான் மட்டும் வளையத்தை நேரே பார்த்து எறிகிறேன். பத்துக்கு ஒன்று.

இன்னொன்று. வேலை முடிந்து ஒருத்தி ஐந்து மணிக்கு வருகிறாள், ஒருத்தி ஐந்தரைக்கு, ஒருத்தி அடுப்பை மூட்டிவிட்டு வருகிறாள். ஒழுங்குக்கு ஒரு சட்டம் எழுதி அனுப்புங்கள். நான் சொன்னால் சிரிக்கிறார்கள். ஐயா எழுதினதென்றால் கேட்பார்கள்.

பாதங்களைச் சீனி சுற்றி வந்த தாளில் வரைந்து அனுப்புகிறேன். மாரியாயி அக்காவின் விரல்கள் தாளுக்கு வெளியே போய்விட்டன. அதற்கு மட்டும் ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயலெட்சுமி

*

இலக்கம் 2
பதுளை
1998 ஜனவரி 29, வியாழக்கிழமை
முற்பகல் 9.05

அன்புடையீர்,

தங்கள் 22ஆம் திகதிக் கடிதமும் எட்டுப் பாதங்களும் 27ஆம் திகதி கிடைத்தன. பாதங்களைத் தனிக் கோவையிலிட்டிருக்கிறேன். ஏழு சோடிகள் ஸலீம் முதலாளியிடம் உண்டு. மாரியாயி அம்மையாரின் அளவில் பெண்களுக்கான சப்பாத்து இல்லை. ஆண்களுக்குரிய எட்டாம் அளவைத் தருவிக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதுகு காட்டி எறிவதை உடனடியாக நிறுத்துக. கூடைப்பந்து கண்ணாலும் ஆடப்படும் ஆட்டம். அத்தகைய எறிதலை விதிநூல் ஏதோவோர் இடத்தில் தடுத்திருக்கும். பக்கத்தைக் கண்டெடுத்து அறிவிப்பேன்.

தாங்கள் கேட்ட பயிற்சி ஒழுங்கை எட்டு விதிகளாக அமைத்திருக்கிறேன். பயிற்சி மாலை 5.00க்குத் தொடங்கும். முதற் பத்து நிமிடம் ஓட்டம். அவ்வேளை பேச்சு இல்லை. பந்தைக் காலால் உதைத்தவர் அதனைத் தாமே சென்று எடுத்துவருவார். ஏனையவற்றைத் தாளிற் காண்க. வரவு பதிய ஒரு பதிவேடும் அனுப்புகிறேன். ஐந்தாம் விதி மீது தங்கள் கவனத்தை ஈர்க்கிறேன்: "ஐந்து நிமிடத்துக்கு மேற்பிந்தி வருபவருக்கு அன்றைய பதிவேட்டில் அரைப்பேர் இடப்படும்." இவ்வழக்கை, ஸலீம் முதலாளியின் கடையில் இம்மாதம் 24ஆம் திகதி சந்தித்த ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரிடம் கேட்டறிந்தேன். தோட்டத்தின் சொந்த வழக்கிலேயே விதி அமைந்திருப்பது கண்டு தங்கள் பெண்கள் மனம் மகிழ்வர் என நம்புகிறேன்.

இங்ஙனம்,
வே. கனகரத்தினம்

*

வெள்ளைப்பாறைத் தோட்டம்
13.2.98

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

பெண்கள் மனம் மகிழவில்லை.

விதி அஞ்சைப் படித்தபோதே எல்லாரும் பதிவேட்டை விட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். அரைப்பேர் என்றால் என்ன என்று அந்தக் கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு முழுதாகச் சொல்லவில்லை போல. காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது பிந்தினாலோ, அந்தியில் தராசில் கொழுந்து குறைந்தாலோ, நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கும் பாதி நாள்தான் பதிவார்கள். அதுதான் அரைப்பேர். அன்றைக்கு எங்கள் லய வீடுகளில் யாரும் அவளிடம் போய் ஏன் என்று கேட்க மாட்டோம்.

செவ்வாய்க்கிழமை மாரியாயி அக்கா ஏழு நிமிஷம் பிந்தி வந்தார். தராசடியில் வரிசை நீளம். நான் விதியைப் பார்த்து எழுதினேன்.

"என்னாடி எழுதுற?"

"விதி அஞ்சுக்கா."

"அஞ்சுல என்னா இருக்கு?"

"அரைப்பேர்."

பந்து அவர் கையில் இருந்தது. எறியவில்லை. குனிந்து தரையில் வைத்தார். "இருவத்தாறு வருசத்துல எந்தக் கணக்கப்புள்ளயும் எனக்கு அரைப்பேர் போட்டதில்ல. சம்பளமே இல்லாத வேலைக்கு, பதுளையில நாக்காலியில குந்திக்கிட்டு ஒரு பெரிய மனுசன் போடுறாராக்கும்! அவரு பந்து போட்டு நீ பாத்திருக்கியா?"

நான் பார்க்கவில்லை ஐயா. அதையும் அப்படியே எழுதச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. எங்கள் அணியில் ஆடும் கருப்பம்மா போய்க் கூப்பிட்டதற்கு, "அரைப்பேருக்கு அர ஆளுதான் வரும். எந்தப் பாதி வேணும்னு கேட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது ஏழு பேர். மற்றப் பெண்களைக் கேட்டுப் பார்த்தேன். மாரியாயி அக்கா விட்டுப் போன இடத்தில் வந்து நிற்க ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. எட்டுப் பேர் பட்டியல் மார்ச் 7ஆம் திகதிக்குள் ஐயாவின் கைக்கு வர வேண்டும். துரையின் ஆள் நேற்று வந்து நாற்றுமேடைக்கு மூலையில் நாலு குச்சி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எழுதினது என் கை. அந்தப் பழி எனக்குத்தான். ஆனால் விதி ஐயாவுடையது.

ஜெயலெட்சுமி

*

இலக்கம் 3
பதுளை
1998 பெப்ரவரி 18, புதன்கிழமை
பிற்பகல் 2.30

அன்புடையீர்,

தங்கள் 13ஆம் திகதிக் கடிதம் நேற்றுக் கிடைத்தது.

ஏழு நிமிடம், ஏழு நிமிடமே. ஒருவருக்காக விதியை வளைப்பின் ஏனைய எழுவரும் அதன் மேல் ஏறி நடப்பர். வேறொருவரைத் தேடிக்கொள்க.

முதுகு காட்டி எறிவதைத் தடுக்கும் விதியை மேற்கோள் காட்டும் நோக்குடன் நூலை அட்டை முதல் அட்டை வரை வாசித்தேன். அப்படியொரு விதி இல்லை. இது வருந்தத்தக்கது.

நான் பந்து போட்டதை எவரேனும் பார்த்திருக்கிறாரா என்ற வினா, இவ்விடயத்துடன் தொடர்பற்றது.

வே. கனகரத்தினம்

*

இலக்கம் 4
(இலக்கம் 3ஐ இரத்துச் செய்வது)
பதுளை
1998 பெப்ரவரி 23, திங்கட்கிழமை
முற்பகல் 5.50

அன்புடையீர்,

தங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். அரசாங்க சேவையில் இருந்த காலத்தில் ஒருபோதும் இவ்வாறு செய்ததில்லை.

சனிக்கிழமையன்று ஸலீம் முதலாளி, ஆண்களுக்குரிய எட்டாம் அளவுச் சப்பாத்து வந்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். அளவு பார்ப்பதற்காகக் கோவையைத் திறந்து மாரியாயி அம்மையாரின் பாதத்தை மேசைமேல் விரித்தேன். முன்னர் அதன் நீளத்தையும் அகலத்தையும் மட்டுமே குறித்திருந்தேன். இம்முறை ஒட்டுப்போட்ட பகுதியைப் பார்த்தேன். பெருவிரல் ஒரு திசையிலும் ஏனைய நான்கும் மறுதிசையிலுமாகச் சரிவைப் பற்றிப் பிடிக்கும் பாதம் அது. குதிகாலின் வெடிப்புக்களைக்கூடப் பென்சில் தப்பவிடவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் பாதம் பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்தவில்லை. பிந்தியதாக முதன்முதலில் எழுதுவித்தவன் நான். கடையில் சப்பாத்து சரியாகப் பொருந்தியது. நான் வீடு திரும்பி இலக்கம் 3இன் பிரதியை எடுத்து வாசித்தேன். அது பொருந்தவில்லை.

அம்மையாரின் வினாவுக்கு விடை வருமாறு. 1951 ஜூன் 9ஆம் திகதி, சனிக்கிழமை, யாழ்ப்பாணத்தில் எழுதுவினைஞர் கூடைப்பந்து அணிக்கு ஆட்தெரிவு நடந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. வழியிற் சைக்கிள் சங்கிலி கழன்றமையால் மூன்று நிமிடம் பிந்திச் சென்றேன். பயிற்றுநர் கடிகாரத்தைப் பார்த்தார். "எழுத வருமோ? வந்தால் மேசையில இரும்" என்றார். இருந்தேன். இன்றோடு நாற்பத்தாறு ஆண்டுகள், எட்டு மாதங்கள், பதினான்கு நாட்கள். புள்ளிகளை எழுதியிருக்கிறேன்; நேரம் பார்த்திருக்கிறேன்; மணியடித்திருக்கிறேன். பந்தை வளையத்தில் ஒருமுறையேனும் இட்டதில்லை. அந்த மூன்று நிமிடம்தான் என்னை ஒழுங்குள்ளவனாக்கியது என்று இத்தனை காலமும் பிறருக்குச் சொல்லிவந்தேன். உண்மையில் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை என்பதைச் சனிக்கிழமைதான் கண்டுகொண்டேன்.

ஐந்தாம் விதி இன்றிலிருந்து நீக்கப்படுகிறது. ஆட்டக்காரர் எவருக்கும் இனி அரைப்பேர் இல்லை; 10ஆம் திகதி இடப்பட்டதும் செல்லாது. இதனை அம்மையாரிடம் நேரிற் சொல்வதே முறை. மார்ச் 1ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை சரியாக 9.00 மணிக்கு மைதானத்தில் இருப்பேன்.

இங்ஙனம்,
வே. கனகரத்தினம்

*

வெள்ளைப்பாறைத் தோட்டம்
3.3.98

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

பத்திரமாகப் பதுளை போய்ச் சேர்ந்தீர்களா? முழங்கால் எப்படி இருக்கிறது? கருப்பம்மா கொடுத்தனுப்பிய எண்ணெயைச் சூடாக்கித்தான் தேய்க்க வேண்டும். சொல்ல மறந்துவிட்டாள்.

ஐயா வருவதற்கு முன் இங்கே நடந்தது ஐயாவுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். எட்டரைக்கே லயத்தில் பாதி சனம் மைதானத்தில். மாரியாயி அக்கா மட்டும் மைதானத்துக்குள் வரவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி நின்றார். குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. ஒன்பது அடித்தது. ஒன்பதே கால். "வரமாட்டாரு. பெரிய மனுசங்க எழுதுறதோட சரி" என்றார். ஒன்பதரைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன், மன்னியுங்கள்.

பிறகு வளைவில் ஒரு குடை தெரிந்தது. கோட்டு, டை, முழங்கால் வரைக்கும் சேறு, கையில் சப்பாத்துப் பெட்டி. நீங்கள் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் கடிகாரத்தை நீட்டி, "நாற்பத்தேழு நிமிடம் பிந்திவிட்டேன்" என்றீர்கள். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் பசறை தாண்டி உடைந்து நின்றதும், ஐயா ரெண்டு மைல் நடந்து வந்ததும் பின்னேரம் கண்டக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மாரியாயி அக்கா அதைக் கேட்டுவிட்டு, "அடப் பாவி மனுசா, சொல்லியிருந்தா நான் அப்புடிப் பண்ணியிருப்பனா?" என்று தலையில் கை வைத்தார்.

அவர் பண்ணினதுதான் ஐயாவுக்குத் தெரியுமே. "ஜெயா, அந்தப் பொஸ்தகத்த எடு. ஐயா பேர எழுது. நாப்பத்தேழு நிமிசம். அரைப்பேர்!" நான் பேனாவைத் திறக்காமல் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். ஐயா, "முறைதான். எழுதுங்கோ பிள்ளை" என்றதும், அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாரே, அந்தச் சிரிப்பில்தான் எங்களுக்கு எட்டாவது ஆள் திரும்பக் கிடைத்தது.

இன்னொன்று. ஐயா முன்னால் பார்த்துப் பதினாறு தடவை எறிந்ததில் ஒன்றும் விழவில்லை. அக்கா உங்கள் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, "கண்ண மூடிக்கிட்டுப் பின்னால விடுங்க, கொழுந்துன்னு நெனச்சிக்கிட்டு" என்றார். பதினேழாவது விழுந்தது. ஐயாவுக்கு அது தெரியவில்லை, முதுகுப் பக்கம் அல்லவா. நீங்கள் திரும்பி, "என்ன நடந்தது? என்ன நடந்தது?" என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எங்களுக்குச் சிரிப்பை அடக்கிப் பதில் சொல்ல நேரமாகிவிட்டது. மெய்யாகவே விழுந்தது ஐயா. இரும்பில்கூடப் படவில்லை.

எட்டுப் பேர் பட்டியல் இத்துடன். பதிவேட்டையும் அனுப்புகிறேன். ஐயாவின் பேருக்கு நேரே இருப்பதை நீங்களே அடித்துவிடுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்காவோ அடிக்க விடுகிறார் இல்லை.

ஜெயலெட்சுமி

*

இலக்கம் 5
பதுளை
1998 மார்ச் 16, திங்கட்கிழமை
முற்பகல் 6.10

அன்புடையீர்,

நேற்று முன்தினம் தாங்கள் களத்தில் ஓடிக்கொண்டிருந்தமையால் மேசையில் நிகழ்ந்தவற்றை அறிந்திருக்க மாட்டீர்கள். ஆகையால் பதிவு செய்கிறேன்.

கொஸ்லந்தை அணி 38, வெள்ளைப்பாறை அணி 11. இதில் ஐயம் எதுவும் இல்லை. அவர்கள் இரண்டு ஆண்டுகளாக ஆடிவருபவர்கள். தங்கள் அணிக்கு வயது ஒன்பது வாரம். முதற்பாதியில் மாரியாயி அம்மையார் முதுகு காட்டி எறிந்த முதலாவது பந்து வளையத்தைத் தாண்டி வந்து என் மைக்கூட்டைக் கவிழ்த்தது. புள்ளித்தாளின் மேல் மூலை நீலமாயிற்று. இரண்டாவது எங்கே போயிற்றென நடுவரும் அறியார். பார்வையாளர் சிரித்தனர். அம்மையார் என் மேசையைக் கடந்து ஓடும்போது, "ஐயா, மை கழுவுனா போயிரும்ல?" என்று கேட்டார். ஆட்டம் நடக்கும்போது மேசையுடன் பேசுதல் ஆகாது. "போகும்" என்று பதிலளித்தேன்.

இரண்டாம் பாதி, பதினெட்டாவது நிமிடம். தங்கள் அணியில் மூவர் ஐந்து தவறுகள் செய்து வெளியேறிவிட்டனர். களத்தில் நின்ற ஐவரில் இன்னொருவர் விழுந்தாலும் மாற்றாள் இல்லை. துரை கைகட்டி நின்று எண்ணிக்கொண்டிருந்ததை மேசையிலிருந்து கண்டேன். கருப்பம்மா அம்மையார் நொண்டியபடியே ஓடினார். வெளியே வரச் சொன்ன நடுவரிடம், "நான் சாயங்காலம் போயி நொண்டிக்கிறேங்க" என்றார். அப்போதுதான் மாரியாயி அம்மையார் வளையத்துக்கு முதுகு காட்டி நின்று மூன்றாவதை விட்டார். அது இரும்பிற் படாமல் விழுந்தது.

நாற்பத்தாறு ஆண்டுகளில் நான் மேசையிலிருந்து எழுந்ததில்லை. எழுந்தேன். கையும் தட்டியிருக்கிறேன் என்று அறிகிறேன். அதனால் நேரக் கடிகாரத்தை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. நடுவர் வந்து, மேசை அதிகாரி ஆட்டத்தில் பங்கெடுக்கலாகாது எனப் பலர் முன்னிலையிற் கண்டித்தார். கண்டனம் சரியானது. ஆட்டம் ஐவருடன் முடிந்தது. இறுதி மணியை நானே அடித்தேன், சற்று நீளமாக.

துரை அன்று மாலையே எழுதித் தந்துவிட்டார். மூலையிலுள்ள நான்கு குச்சிகளைத் தாங்களே பிடுங்கலாம்.

பதிவேட்டில் என் பெயருக்கு நேரேயுள்ளதை அடிக்குமாறு கேட்டிருந்தீர்கள். அது இயலாது. பெப்ரவரி 23ஆம் திகதிக் கடிதத்தில் அரைப்பேர் நீக்கப்பட்டது ஆட்டக்காரருக்கு மட்டுமே. அதிகாரிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பிரதியை எடுத்து இருமுறை சரிபார்த்தேன்.

இங்ஙனம்,
வே. கனகரத்தினம்

இத்துடன் இணைக்கப்பட்டவை:

1. மைதானம் விளையாட்டுக்கென ஒதுக்கப்பட்டதாகத் துரை 1998.03.14 அன்று ஒப்பமிட்ட கடிதம், மூலம்.

2. புள்ளித்தாளின் பிரதி. மூலத்தில் மைக்கறை உள்ள இடத்தைப் பிரதியில் நீலப் பென்சிலாற் காட்டியிருக்கிறேன்.

3. கருப்பம்மா அம்மையாரின் எண்ணெய்ப் போத்தல், பாதி. கணுக்காலுக்கு இப்போது அவருக்கே தேவை. சூடாக்க வேண்டும்.

4. 1998.03.01 அன்று என்னால் எறியப்பட்ட பதினேழாவது பந்து வளையத்தினுள் விழுந்ததை நேரிற் கண்டதாக எட்டுப் பேரும் ஒப்பமிட வேண்டிய படிவம், மூன்று பிரதிகள். ஒன்றைத் திருப்பியனுப்புக. நான் பார்க்கவில்லை.

5. வரவுப் பதிவேடு. மார்ச் 1ஆம் திகதிக்குரிய வரியில் "கனகரத்தினம், அரைப்பேர்" என்றிருப்பதன் பக்கத்தில் ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்டிருக்கிறேன். 1951 ஜூன் 9 முதல் இன்றுவரை, ஓர் அணியின் வரவுப் பதிவேட்டில் என் பெயர் இருப்பது இந்த ஒரு வரியில் மட்டுமே. பதிவேட்டை மழை படாத இடத்தில் வைக்கவும்.